கையைப் பார்க்காதவன்

வீடியோவில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அது சாட்சியின் முகம் அல்ல.

"நிறுத்து," என்றாள் வளர்மதி.

சின்னராசு செல்போனைத் தட்டினான். திரையில் கலைச்செல்வன் பாதி திறந்த வாயோடு நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அதில் அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ ஒன்று. அவனுக்கு வலப்பக்கம், திரையின் விளிம்பில், ஒரு பெண்ணின் முழங்கை மட்டும் தெரிந்தது. சாட்சி என்பவள் அந்த முழங்கைதான்.

காது கேளாதவரிடம் வாக்குமூலம் வாங்கினால் வீடியோ எடுக்க வேண்டும் என்று யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லியிருந்தார்கள். எடுத்தார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கேமராவைத் திருப்பி எடுத்தார்கள். பேசிய கைகள் ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை. கல்யாண வீடியோக்காரனுக்குக்கூட இதைவிட விவரம் உண்டு. நாதஸ்வரம் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்பதற்காக அவன் தாலி கட்டுவதை விட்டுவிட மாட்டான்.

"யக்கா, இந்த வீடியோவ வச்சிக்கினு அந்த முழங்கைய வேணா அரெஸ்ட் பண்ணலாம்," என்றான் சின்னராசு.

வளர்மதி வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னாள். போலீஸ் வேலையை உதறிவிட்டுக் காஞ்சிபுரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். சின்னராசு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினான். வாய் ஓயவில்லை; பயணிகள் ஓய்ந்தார்கள். இப்போது அவளுக்கு வண்டி ஓட்டுகிறான், வாயும் ஓட்டுகிறான்.

வழக்கு இதுதான். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் மேட்டுக்கழனி என்றொரு சிற்றூர். கோடையில் ஏரி வற்றியதும் மண் அள்ள டிப்பர் லாரிகள் வந்துவிடும். எல்லாம் பாண்டுரங்கனின் லாரிகள். ஒரு சாயங்காலம் ஏரிக்கரை மேல் சைக்கிளில் வந்த ஞானதாஸ் என்ற கூலித்தொழிலாளியை அதில் ஒன்று அடித்துப்போட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. பின்னால் நடந்து வந்த அவன் மனைவி செவ்வந்தி, ஓட்டியவனைப் பார்த்தாள். செவ்வந்திக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவள் கையால் சொன்னாள். கலைச்செல்வன் அதை வாயால் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த பெயர் கன்னியப்பன்.

கன்னியப்பன் அந்த லாரியின் டிரைவர். அன்றைக்குச் சாவியை முதலாளி வாங்கிக்கொண்டார், நான் வண்டியிலேயே ஏறவில்லை என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. செத்தவனின் பெண்டாட்டியே சொல்லிவிட்டாளே. அவன் இப்போது சிறையில் இருந்தான். அவன் மனைவி ஆதிலட்சுமி ஒரு வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் வளர்மதியைப் பிடித்தார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே காரை நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கறுப்பு குர்தா போட்ட பெண் இறங்கினாள். பூஜை போட்ட எலுமிச்சம்பழம்கூட வாடாத புது ஸ்கூட்டர்.

"நிஷா," என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். "சைகை மொழிபெயர்ப்பாளர். பதிவு எண் கொடுக்கவா? எல்லாரும் கேக்கணும்னு எனக்கு ஆசை. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"பதிவு வேற இருக்குதா இதுக்கு?" என்றான் சின்னராசு.

"ரெண்டு வருஷம் படிப்பு. பரிட்சை. அப்புறம் கவுன்சில்ல பதிவு. அதைப் புதுப்பிக்கணும். இவ்வளவும் இருக்கு. ஆனா ஸ்டேஷன்ல ஆள் வேணும்னா, யாரு கையை நல்லா ஆட்டுறாங்களோ அவங்களைக் கூப்பிட்டுக்கிறாங்க."

"ஊசி போட்றவன் போலின்னா புடிச்சி உள்ள போட்றாங்க. இவனுக்கு மட்டும் சால்வை போட்றாங்களா?"

"ஊசி தப்பாப் போட்டா நோயாளி கத்துவான். இங்க கத்துறது யாருக்குக் கேக்குது?" என்றாள் நிஷா.

சின்னராசு கோயில் பக்கம் கையைக் காட்டினான். "ஏரியப் பாத்துக்க வர்றவனுக்கு இன்னா தகுதி வேணும்னு கல்லுல வெட்டி வச்ச ஊரு இது. அந்தக் கல்லுக்கு எதிர்லயே கட கட்டிக்கினு ஒக்காந்துகிறான் பாரு."

கடை என்று அவன் சொன்னது கலைச்செல்வனின் அலுவலகத்தை. மாடியில் இருந்தது. வாசலில் ஆளுயர பிளெக்ஸ். 'சைகை மொழிச் செம்மல்' கலைச்செல்வன் இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், மழை வருமா என்று பார்ப்பவன் போல. கீழே 'மூன்று நாளில் சைகை மொழி, சான்றிதழ் உண்டு' என்று போட்டிருந்தது.

வளர்மதி பிளெக்ஸைப் படிக்கவில்லை. கட்டடத்தின் நெற்றியைப் பார்த்தாள். 'பாண்டுரங்கன் காம்ப்ளக்ஸ்' என்று சிமென்ட் எழுத்து.

*

"வாங்க, வாங்க. ஒக்காருங்க," என்றான் கலைச்செல்வன். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் அவன் மேடையில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தான். எந்தப் படத்திலும் எதிரே காது கேளாதவர் ஒருவர்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

வளர்மதி சுற்றி வளைக்கவில்லை. "கன்னியப்பன் வக்கீல் அனுப்பினார். நீங்க செவ்வந்திக்கு மொழிபெயர்த்தது சரிதானான்னு பார்க்கணும். இவங்க நிஷா. உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. தடையில்லையே?"

"தாராளமா."

நிஷா கைகளை உயர்த்தினாள். விரல்கள் வேகமாக மடங்கின, விரிந்தன, மார்பைத் தொட்டு விலகின. புருவங்கள் கேள்வியாக எழுந்தன. சின்னராசு ரங்கராட்டினத்தைப் பார்ப்பவன் போல அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கலைச்செல்வன் அமைதியாக அவளை நோக்கினான். பிறகு சிரித்தான்.

"சாப்டாச்சான்னு கேக்கறாங்க. ஆச்சுங்க. இட்லி."

"சைகை மொழியை நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன்," என்றாள் நிஷா.

சின்னராசு தொடையில் தட்டிக்கொண்டான். கலைச்செல்வன் முகத்தில் அவமானத்தின் சாயலே இல்லை. நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தான்.

"மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. நானும் மூணு நாள் கேம்ப்புல கத்துக்கினவன்தான். அரைகுறை. இன்ஸ்பெக்டரு கூப்ட்டாரு, ஆளு கிடைக்கல, ஒரு சேவையா நெனச்சிப் போனேன். அந்தம்மா கைய காட்டுச்சி. எனக்கு கன்னியப்பன்னு தோணுச்சி. சொன்னேன். தப்பா இருந்தா மன்னிச்சிக்குங்க."

"ஒரு மனுஷன் ஜெயில்ல இருக்கான்."

"வருத்தம்தான். ஆனா சைகதானே மேடம். ஆளாளுக்கு ஒரு மாதிரி புரியும். இவங்களுக்கு ஒண்ணு தோணும், எனக்கு ஒண்ணு தோணும். உண்மையில அந்தம்மா இன்னா சொல்லுச்சின்னு கடவுளுக்குத்தான் தெரியும்." கைகளை விரித்தான். "தெரியாம பண்ணதுக்கு இன்னா செக்ஷன் போடுவீங்க?"

கோர்ட்டுக்கும் வருவீர்களா என்று வளர்மதி கேட்டாள். வந்து இதையே சொல்கிறேன், எழுதியும் தருகிறேன் என்றான். காப்பி சொல்லட்டுமா என்றும் கேட்டான். மூன்று பேரும் எழுந்துகொண்டார்கள்.

*

படிக்கட்டில் சின்னராசு துள்ளிக்கொண்டு இறங்கினான். "முடிஞ்சிதுக்கா. அவனே ஒத்துக்கினான். நாஷ்டா துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்."

"அவன் ஒத்துக்கிட்டதுதான் எனக்குப் பிடிக்கல," என்றாள் வளர்மதி. "யோசிச்சுப் பாரு. நாளைக்கு நிஷா போய் செவ்வந்தி பாண்டுரங்கனைச் சொன்னாங்கன்னு சொல்றாங்கன்னு வச்சுக்கோ. பாண்டுரங்கன் வக்கீல் என்ன சொல்வார்? முதல்ல ஒருத்தருக்கு ஒரு பேர் புரிஞ்சுது, இப்ப இன்னொருத்தருக்கு இன்னொரு பேர் புரியுது, இந்தச் சைகையை நம்பி யாரைத் தண்டிக்கிறதுன்னு கேப்பார். கன்னியப்பன் வேணா வெளிய வருவான். பாண்டுரங்கன் உள்ளேயே போகமாட்டான். செவ்வந்தி கண்ணால பார்த்தது ஒண்ணுமில்லாமப் போயிடும்."

சின்னராசுவின் துள்ளல் நின்றது.

"தெரியாதவனுக்குத் தண்டனை இல்ல. தெரிஞ்சு மாத்தினவனுக்குத்தான் தண்டனை," என்றாள் வளர்மதி. "அந்த வீடியோவில அவன் என்னவெல்லாம் சொல்றான்? புருஷன் சைக்கிள் ஹேண்டில்ல முள்ளங்கிக் கட்டு தொங்கிச்சு. லாரி கண்ணாடியில வேப்பிலை சொருகியிருந்துச்சு. முள்ளங்கி அங்கே சிதறிக் கிடந்துச்சுன்னு போலீஸ் படத்தில இருக்கு. வேப்பிலையும் லாரிப் படத்தில இருக்கு. அந்தப் படங்கள் வந்தது வாக்குமூலத்துக்கு மறுநாள். அரைகுறைக்கு இவ்வளவும் சரியாப் புரிஞ்சுது. பேர் மட்டும்தான் புரியல."

"குருட்டாம்போக்குல வுளுந்திருக்கும்."

"முள்ளங்கியா?"

சின்னராசு யோசித்தான். முள்ளங்கியைக் குருட்டாம்போக்கில் சொல்வது கடினம்தான்.

வளர்மதி நிஷாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க கேள்வி கேட்டப்ப நம்ம ராசு எங்க பார்த்தான்?"

"என் கையை. புதுசாப் பாக்குறவங்க எல்லாரும் கையைத்தான் பாப்பாங்க. கேம்ப்ல வர்ற பிள்ளைங்களும் அப்படித்தான். ஒரு விரல் விட்டுப்போயிடப்போகுதுன்னு முழிச்சிக்கிட்டு இருப்பாங்க."

"உங்களை மாதிரி நல்லாத் தெரிஞ்சவங்க?"

"முகத்தை. கேள்வியா, கோபமா, இல்லைன்னு சொல்றாங்களா, எல்லாம் புருவத்திலயும் வாயிலயும்தான் இருக்கு. கை அதுபாட்டுக்குக் கண்ணுல படும்." சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். "அவர் என் முகத்தைத்தான் பாத்தார். ஒரு தடவைகூடக் கீழ பாக்கல."

"நானும் அதைத்தான் பார்த்தேன்," என்றாள் வளர்மதி. "மறக்க முடிஞ்சதை எல்லாம் மறந்த மாதிரி நடிச்சான். கண்ணுக்கு அதைச் சொல்ல மறந்துட்டான்."

*

மேட்டுக்கழனியில் செவ்வந்தியின் வீடு ஏரிக்கு இறக்கத்தில், கடைசி வரிசையில் இருந்தது. வாசலில் ஞானதாஸின் சைக்கிள் வளைந்த சக்கரத்தோடு சாத்தியிருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்ததைத் தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. குழாயடியில் நின்ற பெண்கள் அவர்கள் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செவ்வந்திக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள்; சைகை சரளம், எழுத்து தட்டுத்தடுமாறும். நிஷாவின் கைகள் அசைந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சின்னராசு பார்த்தான். கிண்டல் பண்ண ஒன்றும் தோன்றவில்லை. ஞானதாஸ் போன பிறகு அவளோடு முழு வாக்கியத்தில் பேச வந்த இரண்டாவது ஆள் நிஷா.

"நான் அவருக்குப் பின்னாடி நடந்து வந்தேன்," என்றாள் நிஷா. "லாரி வர்றது எனக்குக் கால்ல தெரிஞ்சது. கரை அதிருச்சு."

"நீங்க எப்பம்மா அங்க போனீங்க?" என்றான் சின்னராசு.

"அவங்க சொல்றது. நான் அவங்க குரல் மட்டும்தான். என்னைப் பாக்காதீங்க, அவங்களைப் பாத்துப் பேசுங்க."

சின்னராசு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

லாரி மோதிய பிறகு ஒரு நிமிடம் நின்றது, ஓட்டியவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தான், பிறகு போய்விட்டான். செவ்வந்தி இதை வரிசையாகச் சொன்னாள். ஓட்டியவன் யார் என்று கேட்டபோது இடது மணிக்கட்டில் இல்லாத காப்பு ஒன்றை முழங்கை வரை தள்ளிக் காட்டினாள்; பிறகு விரல்களால் பெயரை எழுத்துக்கூட்டினாள்.

"பாண்டுரங்கன்," என்றாள் நிஷா. "அவருக்கு நான் வெச்ச பேர் இது. எப்பவும் காப்பை மேல தள்ளிக்கிட்டே இருப்பார்."

"கன்னியப்பனுக்கு என்ன பேர்?" என்று வளர்மதி கேட்டாள்.

செவ்வந்தி புருவத்தின் குறுக்கே ஒரு விரலால் கோடு போட்டாள். அவனுக்கு அங்கே தழும்பு. மணிக்கட்டும் புருவமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் பார்ப்பவனுக்குக் கண்ணே இருக்கக் கூடாது.

"கன்னியப்பனை ஏன் பிடிச்சாங்கன்னு எனக்குப் புரியல," என்று செவ்வந்தி தொடர்ந்தாள். "ஸ்டேஷனுக்குப் போய் அவர் இல்லைன்னு சொன்னேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. அவர் சம்சாரம் என்னைப் பாத்தா மண்ணை வாரித் தூத்துது. தெருவுல யாரும் என் பக்கத்துல நிக்கிறதில்ல. நான் என்ன பண்ணினேன்?"

வளர்மதி மெதுவாகச் சொன்னாள். "கன்னியப்பன் பேரைச் சொன்னது நீங்கதான்னு அவங்க எல்லாரும் நினைக்கிறாங்க. உங்க வாக்குமூலத்தில் அந்தப் பேர்தான் இருக்கு."

நிஷா அதைக் கையால் சொல்லி முடித்தாள். செவ்வந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். நிஷா மறுபடியும் சொன்னாள். பிறகு செவ்வந்தியின் கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. நிஷா அத்தனை முறையும் அதைக் குரலாக்கினாள்.

"இல்ல. இல்ல. இல்ல. இல்ல."

அவள் ஓய்ந்ததும் வளர்மதி இத்தனை நாளில் எவனும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "அந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சைகை தெரியுமா?"

செவ்வந்தி இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள்.

"என்னைவிட நல்லாப் பேசுவான். அவன் அம்மாவுக்கும் காது கேக்காதாம். பொறந்ததுல இருந்து கையாலதான் பேசினேன்னு சொன்னான். எங்க அம்மா மாதிரி நீ, பயப்படாம எல்லாத்தையும் சொல்லுன்னான். அதனாலதான் சொன்னேன்."

சின்னராசு விரலை மடக்கி எண்ணினான். "இன்ஸ்பெக்டரு, வக்கீலு, ஜட்ஜு, அப்புறம் நாம. அத்தினி பேரும் அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு அவனையே கேட்டுக்கினு கீறோம். இந்தம்மாவ ஒருத்தரும் கேக்கல."

"இப்பக் கேட்டாச்சு. ஆனா இவங்க சொன்னா மட்டும் போதாது. அவன் வாயால... இல்ல, அவன் கையால ஒத்துக்கணும்."

சின்னராசுவிடம் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கலைச்செல்வன் சட்டைக் காலரில் தேள் என்று செவ்வந்தி கை காட்டட்டும், குதிக்கிறானா பார்ப்போம் என்றான். வளர்மதி வேறு ஒன்று சொன்னாள். செவ்வந்தி ஒன்று சொல்ல, நிஷா வேண்டுமென்றே அதைத் தப்பாகப் பேசட்டும். அவன் முகம் மாறினால் பிடித்துவிடலாம்.

"முடியாது," என்றாள் நிஷா.

"ஒரே ஒரு தடவை. நல்லதுக்குத்தான்."

"அவங்க சொல்லாததை அவங்க வார்த்தைன்னு நான் சொன்னா எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? என் பதிவைத் திருப்பிக் குடுத்துட்டு மாடியில அவன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கறேன்."

இவ்வளவையும் பேசிக்கொண்டே அவள் செவ்வந்திக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். செவ்வந்தி கையைத் தட்டி எல்லோரையும் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் பாத்துக்கறேன். நிஷா அந்த நேரத்துல உள்ள வேண்டாம். கேமராவை மட்டும் இந்தத் தடவை என் பக்கம் திருப்புங்க."

*

மறுநாள் காலை வக்கீலின் மனுவோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். கலைச்செல்வனையும் இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, அட்டை, அதே சிரிப்பு.

"சின்ன விஷயம்," என்றார் இன்ஸ்பெக்டர். "தம்பிக்கு அரைகுறையாத்தான் தெரியும்னு ஒத்துக்கிட்டாரு. தப்பு நடந்துபோச்சு. எழுதி வாங்கிட்டு முடிச்சிக்கலாம்."

மேஜைக்கு இந்தப் பக்கம் செவ்வந்தி. அந்தப் பக்கம் கலைச்செல்வன். சின்னராசு சுவரோரமாக நின்று செல்போனைப் பிடித்திருந்தான். இரண்டு பேரும், நாலு கைகளும் முழுசாகத் திரையில் இருந்தன. நிஷா வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள்.

செவ்வந்தி கையை உயர்த்தினாள். சின்னதாக, நிதானமாக, ஏதோ சொன்னாள்.

கலைச்செல்வன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாவோ சொல்றாங்க. நமக்குப் புரியல."

செவ்வந்தி மறுபடி சொன்னாள். இந்த முறை வாசல் பக்கம் கை நீண்டது. சின்னராசுவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் எதிரே இருந்தவனின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனதைப் பார்த்தான். செவ்வந்தி விடவில்லை. மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கலைச்செல்வனின் இரண்டு கைகளும் மேஜையிலிருந்து எழுந்தன.

அது மேடையில் ஆட்டும் கை இல்லை. வேகமாக, கூர்மையாக, ஒரு அசைவு இன்னொன்றில் சென்று முடிய, கண்ணும் புருவமும் வாயும் சேர்ந்து பேசின. சில நொடிகள்தான். பிறகு அவனுக்கே உறைத்தது. கைகளை மேஜைக்கடியில் போட்டுக்கொண்டான்.

"கொசு," என்றான்.

"கொசுவ இலக்கணத்தோட அடிக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்," என்றான் சின்னராசு. போனை அவன் இன்னும் இறக்கவில்லை.

வளர்மதி வெளியே போய் நிஷாவைக் கூப்பிட்டாள். நிஷா பதிவை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். இரண்டாவது முறை ஓடும்போது பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"செவ்வந்தி சொல்றாங்க: உன் அம்மாவைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். வெளிய நிக்கிறாங்க. நீ எனக்குப் பண்ணினதை அவங்ககிட்ட சொல்லிட்டேன். கலைச்செல்வன் பதில் சொல்றார்: பொய் சொல்லாத. எங்க அம்மா செத்துட்டாங்க. அவங்க பேரை நீ எடுக்காத."

செவ்வந்தி அவனைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். நிஷா அதையும் பேசினாள்.

"செத்தது எனக்குத் தெரியாது. அவங்க பேரை முதல்ல எடுத்தவன் நீ. அதை நம்பித்தான் என் புருஷன் சாவை உன் கையில குடுத்தேன்."

கலைச்செல்வன் தலையைத் தொங்கப்போட்டான். கைகளை மேஜைக்கடியிலேயே வைத்தபடி முனகினான். "பாண்டுரங்கண்ணன் வாடகையில்லாம எடம் குடுத்துகிறாரு சார். ஜில்லா பூரா நீதான் மொழிபெயர்ப்பாளர், நான் பாத்துக்கறேன்னாரு. அவருதான்..."

"அதெல்லாம் அப்புறம்," என்று இன்ஸ்பெக்டர் அவசரமாக வெட்டினார்.

அந்த அவசரம் வளர்மதிக்குப் பிடிக்கவில்லை. புது வாக்குமூலம் இப்போதே வாங்க வேண்டும், முறைப்படி வீடியோவில் வாங்க வேண்டும் என்றாள். வக்கீல் போனில் மேலதிகாரியிடம் பேசிவிட்டதாகவும் சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு வேறு வழியில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வாக்குமூலம் ரகசியம். சம்பந்தமில்லாதவர்கள் வெளியே போக வேண்டும்.

வளர்மதியும் சின்னராசுவும் மரத்தடிக்கு வந்தார்கள். ஆதிலட்சுமி அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சின்னராசு சொன்னான். இந்த ஒருமுறை கிண்டல் சேர்க்காமல் சொன்னான். ஆதிலட்சுமி கேட்டு முடித்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எம்மாம் சாபம் வுட்டேன்," என்றாள். "அதுக்குக் காதே கேக்காதுன்னு தைரியமா நின்னு வுட்டேன்."

உள்ளே செவ்வந்தியும், நிஷாவும், கேமரா பிடித்த பெண் காவலரும், இன்ஸ்பெக்டரும் மட்டும். ஆரம்பிக்கும் முன் நிஷா ஒரு விஷயம் சொன்னாள். இந்த அறையில் காதில் விழுவது எல்லாம் செவ்வந்திக்குப் போகும். காது கேட்கிற ஒருவர் இங்கே உட்கார்ந்திருந்தால் என்னென்ன கேட்குமோ அத்தனையும். இன்ஸ்பெக்டர் சரிம்மா, சரிம்மா என்றார். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

கேமரா இந்த முறை இரண்டு பெண்களையும் பார்த்தது. செவ்வந்தி சொன்னாள். கரை, சைக்கிள், லாரி, ஜன்னல், காப்பு.

"பாண்டுரங்கன்," என்றாள் நிஷா.

"நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லும்மா. தூரத்துல பாத்தது."

"பக்கத்துல பாத்தேன். யோசிக்க ஒண்ணுமில்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஜன்னலோரம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, போனைக் காதில் வைத்துத் தணிந்த குரலில் பேசினார். அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. கேட்க வேண்டியவளுக்குக் காது கேளாது. காது கேட்பவள் வெறும் மொழிபெயர்ப்பாளர். மேஜை நாற்காலி மாதிரி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவர் நினைவிலேயே இல்லை. அவர் பேசப் பேச, முதுகுக்குப் பின்னால் நிஷாவின் கைகள் நிதானமாக அசைந்துகொண்டிருந்தன.

மரத்தடியில் இருந்தவர்களுக்குத் திறந்த ஜன்னல் வழியே செவ்வந்தியின் கேள்வி நிஷாவின் குரலில் கணீரென்று கேட்டது.

"யாரை ரெண்டு நாளைக்கு ஊர்ல இருக்க வேண்டாம்னு சொல்றீங்க சார்? யார் அந்த அண்ணன்?"

வளர்மதி ஓடவில்லை. வக்கீலுக்கு ஒரு போன் போட்டுவிட்டு நடந்துதான் போனாள். வந்தவாசி சாலையில் பாண்டுரங்கனின் கார் மடக்கப்பட்டது அன்று மத்தியானம். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்டாகிப் பெல்ட்டைக் கழற்றியதும் கன்னியப்பன் வீடு வந்ததும் அந்த வாரத்துக்குள். அந்த நிமிடத்தில் அவள் வாசலில் நின்று பார்த்தது வேறு.

இன்ஸ்பெக்டர் போனைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். முகம் வேர்த்திருந்தது. நிஷாவிடம் சீறினார்.

"அதை எதுக்கும்மா அவளுக்குச் சொன்னே?"

நிஷா அந்தக் கேள்வியையும் செவ்வந்திக்குச் சொன்னாள். அப்புறம்தான் பதில் சொன்னாள். "அதுதான் சார் என் வேலை."

இன்ஸ்பெக்டர் கேமராவைப் பார்த்தார். பெண் காவலர் அதை அணைக்கவில்லை. அவர் பார்வையைத் தவிர்க்கவுமில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்து... அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது தப்பாப் புரிஞ்சிருக்கு."

நிஷா சொல்லி முடித்தாள். செவ்வந்தி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். பேனாவையும் வெள்ளைத்தாளையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, கையை உயர்த்தினாள்.

"அப்போ சரியாச் சொல்லுங்க," என்றாள் நிஷா. "முதல்ல இருந்து சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."